பையனுக்கு விளையாட்டு, அப்பாவுக்குப் பயிற்சி: ஒரே பெட்டியில் கிடைக்குமா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் கைப்பேசியில் கேம்தான். எடை ஐம்பது கிலோவைத் தாண்டிவிட்டது. என் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. நடக்கிறார், ஆனால் இடது கை இன்னும் சரியாக வரவில்லை. பிசியோதெரபி என்றாலே சலித்துக்கொள்கிறார். உடலை அசைத்து ஆடும் வீடியோ கேம் சாதனம் ஒன்று வாங்கினால் இருவருக்கும் உதவுமா? வளையமும் காலில் கட்டும் பட்டையும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பணம் வீண் என்றால் சொல்லிவிடுங்கள்.

பதில்: நான் மதுரையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதனால் என் பதில் உங்கள் அப்பா பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில். மகனுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அப்பாவுக்கு இப்படிப்பட்ட ஆட்டங்களால் பயன் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் விலை விசாரித்த அந்தச் சாதனத்தால்தானா என்பது வேறு கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன். கேம் என்றால் பிள்ளைகளுக்கு உரியது, பெரியவர்களுக்கு அதில் என்ன வேலை என்று பொதுவாக நினைக்கிறோம். இதுவரை வந்திருக்கும் ஆராய்ச்சிகளைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது.

இந்த வகை ஆட்டங்கள் புதியவை அல்ல. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. திரையில் அம்புக்குறிகள் வரும், அதே திசையில் தரையிலுள்ள கட்டத்தைக் காலால் மிதிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஆடும் பாண்டியில் பாட்டையும் வேகத்தையும் சேர்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006இல் இதைத் தன் அரசுப் பள்ளிகளுக்கே கொண்டுபோக முடிவெடுத்தது. அதே ஆண்டு நிண்டெண்டோவின் வீ என்ற கேம் சாதனம் வந்தது. கையிலுள்ள கருவியை மட்டைபோல் வீசினால் திரையில் பந்து பறக்கும். அடுத்த ஆண்டுக் கடைசியில் மேலே ஏறி நின்று ஆடும் சமநிலைப் பலகையும், 2010இல் கையில் எதுவும் இல்லாமலே உடலைக் கேமராவால் கவனித்துக்கொள்ளும் கினெக்ட்டும் வந்தன. நீங்கள் விசாரித்திருப்பது 2019இல் வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர் வகை என்று நினைக்கிறேன். வளையத்தைக் கையால் அழுத்தவும் இழுக்கவும் வேண்டும், தொடையில் கட்டிய பட்டை ஓட்டத்தையும் உட்கார்ந்து எழுவதையும் கணக்கெடுக்கும்.

இவற்றில் எது உண்மையில் உடற்பயிற்சி? பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் எல்லோரும் வியர்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை ஒன்று என்று வைத்து, மற்ற வேலைகளை அதன் மடங்காகச் சொல்வார்கள். மெட் என்பது அந்த அலகு. 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடும் உழைப்பு. 2011இல் வெளியான அட்டவணையில் சமநிலை, யோகா வகை கேம்களுக்கு 2.3 என்று போட்டிருக்கிறார்கள். ஏரோபிக்ஸ் வகைக்கு 3.8. காலால் மிதித்து ஆடும் நடன ஆட்டத்துக்கு 7.2. எட்டி வைத்து வேகமாக நடந்தால் 4.3. அட்டவணை பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

எனவே கேமின் பெயரைவிட, அதை ஆடும்போது இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். தொடையும் புட்டமும்தான் உடம்பின் பெரிய தசைகள். அவை உழைக்காமல் கை மட்டும் வீசினால் மூச்சு வாங்காது, எடையும் அசையாது. வீ வந்த புதிதில் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் இதை அளந்தார்கள். உட்கார்ந்து ஆடும் கேமைவிட இதில் சக்தி கூடுதலாகச் செலவானது, உண்மைதான். ஆனால் அதே டென்னிஸையோ குத்துச்சண்டையையோ நிஜத்தில் ஆடினால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. அதற்கும் மேல், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மணிக்கட்டைச் சொடுக்கினாலே கருவி ஏமாந்துவிடும் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு சோபாவில் சாய்ந்தபடியே பந்தயம் வெல்வார்கள்.

இனி மகன் விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமானதிலிருந்து கடுமையானது வரையிலான உடலுழைப்பு வேண்டும். இதை ஒரு கேம் சாதனத்தால் கொண்டுவர முடியுமா என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சோதித்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள், உயரத்துக்கேற்ற எடை நடுத்தர அளவைவிடக் கூடியவர்கள். எல்லோருக்கும் சாதனம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடலசைத்து ஆடும் கேம், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம். 13 வாரம். உடம்பில் கட்டிய கருவி நாள் முழுக்க அசைவைப் பதிவு செய்தது. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் உடலுழைப்பில் வித்தியாசமே இல்லை. ஒன்று, கொஞ்ச நாளில் ஆர்வம் வடிந்திருக்க வேண்டும். அல்லது கேமில் குதித்த களைப்பை மற்ற நேரத்தில் உட்கார்ந்து ஈடுகட்டியிருக்க வேண்டும். எப்படியானாலும் வீட்டில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் பிள்ளை அசைவதில்லை.

வெளியே இழுத்துப்போகும் கேம்களின் கதையும் இதுதான். போகிமான் கோ 2016இல் உலகத்தையே தெருவில் நடக்கவைத்தது என்று பேசினார்கள். டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து முறைப்படி இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் கைப்பேசிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 காலடி கூடியிருந்தது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். அந்த 955 காலடியும், ஆர்வம் உச்சத்தில் இருந்தபோதே, மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றிவரக்கூடப் போதாது. காலையில் அங்கே புடவைக்கு ஷூ போட்டுக்கொண்டு நடக்கும் அம்மாக்கள் எந்தப் புள்ளியும் பரிசும் இல்லாமல் அதைவிட அதிகமாக நடக்கிறார்கள். கூடப் பேசிக்கொண்டு வர ஆள் இருக்கிறது, வராவிட்டால் மறுநாள் ஏன் என்று கேட்கவும் ஆள் இருக்கிறது.

கேம்கள் பிள்ளைகளிடம் பலித்த இடத்திலும் இதே காரணம்தான் தெரிகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 8 முதல் 12 வயது வரையிலான, எடை கூடிய 46 பிள்ளைகளிடம் கினெக்ட் வைத்து 24 வாரம் ஒரு சோதனை நடந்தது. 2018இல் முடிவு வந்தது. இங்கே கேமைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வீட்டாரோ நண்பனோ ஒருவர் கூட ஆட வேண்டும். வாரத்தில் இத்தனை நாள், என்னென்ன ஆட்டம் என்று ஒழுங்கு உண்டு. பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் வந்து விசாரிப்பார். இந்தப் பிள்ளைகள் கடைசிவரை ஆடினார்கள், வயதுக்கேற்ற உடல் எடைக் குறியீடும் சற்றுக் குறைந்தது. மலைக்கவைக்கும் குறைவு இல்லை, ஆனால் குறைந்தது. ஹூஸ்டனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பாருங்கள். சாதனம் கிட்டத்தட்ட ஒரே இனம்தான். கூட ஆட ஒருவரும் கேட்க ஒருவரும் இருந்தது புதிது.

பையனின் கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது என் துறை இல்லை என்றாலும். கிட்டப்பார்வைக் குறை வராமல் தள்ளிப்போட வெளி வெளிச்சம் உதவுகிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டில் அப்படிப் போகாத பிள்ளைகளில் 39.5 சதவீதத்தினருக்குக் குறை வந்தது, போனவர்களில் 30.4 சதவீதத்தினருக்கு. வரவேற்பறையில் எவ்வளவு குதித்தாலும் இந்த நன்மை கிடைக்காது. கண்ணாடி போட ஆரம்பித்திருக்கும் பையன் என்றால் இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதனால் மகனுக்கு நான் சொல்வது: மாலை ஐந்தரைக்கு மேல் வெயில் தணிந்ததும் கீழே ஷட்டில், சைக்கிள், எதுவாக இருந்தாலும் ஒரு மணி நேரம். உங்கள் குடியிருப்பில் அதே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் பேசி நேரத்தை ஒன்றாக்குவதுதான் பெரிய வேலை. ரேஸ்கோர்ஸ் மைதானமும் உங்களுக்குத் தூரமில்லை. உடலசைவு கேமுக்கும் இடம் உண்டு: சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் பிள்ளைகளை வெளியே விடாத நாட்கள், ஐப்பசி மழை, தேர்வுக் காலத்தில் படிப்புக்கு நடுவே பத்து நிமிடம். அதற்குச் சாதனம் தேவையில்லை. ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன ஆட்டத்தின் பாடல் வீடியோக்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றன. டிவியில் போட்டுவிட்டு ஆடினால் மதிப்பெண் மட்டும் வராது, வியர்வை வரும். நம் திரைப்பாட்டுக்கு ஆடினாலும் தசைக்குத் தெரியப்போவதில்லை.

அவன் இப்போது ஆடும் கைப்பேசி கேமைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பு, தூக்கம், நட்பு எல்லாம் கெட்ட பிறகும் ஓர் ஆண்டளவு அப்படியே தொடர்ந்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள கேம் கோளாறு என்ற பேச்சே வரும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த வகை இல்லை. வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் ஆடுகிறார்கள்.

உங்கள் அப்பா விஷயம் முற்றிலும் வேறு. பக்கவாதத்தில் பழுதானது கை அல்ல, கைக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதி. அந்த வேலையை அக்கம்பக்கத்து நரம்புகள் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் ஒரு நாளில் 400, 600 முறை என்று செய்ய வைத்திருக்கிறார்கள். மனிதர்களின் சிகிச்சையில் நடப்பது என்ன? வட அமெரிக்காவில் பல சிகிச்சைக் கூடங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, கைக்கான பயன்பாட்டுப் பயிற்சி ஓர் அமர்வில் சராசரியாக 32 முறைதான் நடந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வெட்கப்பட வேண்டிய எண். ஆனால் அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கூம்பை எடுத்து இங்கே வை, அங்கே வை என்று ஐம்பதாவது முறை சொல்லும்போது நோயாளியும் சலிக்கிறார், சொல்பவரும் சலிக்கிறார். உங்கள் அப்பா சலித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்மீது தப்பில்லை, அந்த வேலை உண்மையிலேயே சலிப்பானது.

கேம் பயன்படுவது இந்த இடத்தில்தான். எடை குறைப்பதற்கு இல்லை, எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு. திரையில் பலூன் வருகிறது, இடது கையை நீட்டி உடைக்க வேண்டும். ஒருவர் அதை நூறு முறை செய்துவிட்டு நூறு ஆனதே தெரியாமல் இருப்பார். நூறு முறை கையைத் தூக்குங்கள் என்று சொன்னால் பதினைந்தில் நிறுத்திவிடுவார்.

அதற்காகக் கேமில் ஏதோ மந்திரம் இருப்பதாக நினைக்க வேண்டாம். கனடாவை மையமாக வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2016இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேர். வழக்கமான சிகிச்சையோடு கூட, பாதிப் பேர் வீ கேம் ஆடினார்கள். மீதிப் பேர் சீட்டு, கட்டை அடுக்கும் ஆட்டம், பந்து என்று சாதாரணமாக விளையாடினார்கள். இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரண்டு கூட்டத்துக்குமே கை தேறியது, ஒரே அளவு தேறியது. சீட்டுக்கட்டின் விலை என்ன, அந்தச் சாதனத்தின் விலை என்ன! கையை எவ்வளவு நேரம் வேலை வாங்கினார்கள் என்பதற்குத்தான் பலன் வந்திருக்கிறது. கணினி வழி ஆட்டங்களைப் பற்றி வந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள்: வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வைத்தால் மேலான பலன் இல்லை, அதன்மேல் கூடுதலாகச் சேர்த்தால் பலன் உண்டு.

இந்த முடிவை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கேரம் பலகைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அப்பா இடது கையால் மட்டும் அடிக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஸ்டிரைக்கரைச் சுண்ட வராவிட்டால் தள்ளினால் போதும். தாயக்கட்டையை இடது கையால் உருட்டுவதும், காயை விரலால் நகர்த்துவதும் அதே வேலைதான். எதிரே பேரன் உட்கார வேண்டும். தாத்தாவை ஜெயிக்க அவன் ஏமாற்றுவான், அதைப் பிடிக்க இவர் கவனமாக இருப்பார், இரண்டும் நல்லதே. எட்டு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன வரும் என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் சில மாதங்களின் வேகம் இனி இருக்காது, ஆனால் பயிற்சிக்குப் பலன் நின்றுவிடுவதில்லை.

கேமில் கிடைக்கும் கூடுதல் நன்மை ஒன்று உண்டு. இடப்பக்கம் பலவீனமானவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகத்தின் மேலேயே கவனம் குறைந்திருக்கும். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சும், வாசல் நிலையில் இடது தோள் இடிக்கும். அப்பாவிடம் இது இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், திரையின் இடது ஓரத்திலிருந்து பொருள்கள் வரும் ஆட்டம் அவரை அந்தப் பக்கம் பார்க்கவைக்கும். சீட்டில் இதை இவ்வளவு சுலபமாக அமைக்க முடியாது.

நடக்கிறார் என்று எழுதியிருப்பதால் விழாமல் இருப்பதையும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 769 பேரிடம் ஓர் ஆண்டு நடந்த சோதனை 2024இல் வெளியானது. டிவியோடு இணைத்த விரிப்பின்மேல் நின்று, திரையில் வருவதற்கேற்பக் காலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வைத்து ஆடும் கேம், வீட்டிலேயே. அப்படி ஆடியவர்கள் விழுவது, ஆடாதவர்களைவிட 26 சதவீதம் குறைந்தது. உட்கார்ந்தபடி மூளைக்கு மட்டும் வேலை தரும் ஆட்டம் ஆடியவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. வயதானவர்களுக்கான கேம் ஆய்வுகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இது. கால் தடுக்கும்போது சட்டென்று அடி எடுத்து வைப்பதுதான் ஒருவரை விழாமல் காப்பாற்றுகிறது; இந்த ஆட்டம் அதையே பழக்குகிறது. சர்க்கரைக்கும் சிறிது பலன் பதிவாகியிருக்கிறது: ஜெர்மனியில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 12 வாரம் சமநிலைப் பலகையில் ஆடியபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 7.1 சதவீதத்திலிருந்து 6.8ஆக இறங்கியது. மாத்திரையை நிறுத்தும் அளவு இறக்கம் இல்லை.

இனி எச்சரிக்கைகள், இவற்றை மேலோட்டமாகப் படித்துவிட வேண்டாம். பக்கவாதம் வந்த தோள் தளர்ந்திருக்கும். வேகமாக வீசினால் மூட்டு வலி வந்து, பிறகு மாதக்கணக்கில் கையையே தொட விடமாட்டார். நல்ல தோளுக்கே ஆபத்து உண்டு: ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் 2007இல் வீ டென்னிஸை விடாமல் ஆடித் தன் தோள் தசைநாரைப் புண்ணாக்கிக்கொண்டு, அதற்கு வீயைடிஸ் என்று பெயரே வைத்து மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அப்பா தோள் உயரத்துக்கு மேல் கையைத் தூக்கும் ஆட்டங்கள் வேண்டாம், அவருடைய இயன்முறை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை. இன்னொன்று, கேமுக்குப் புள்ளிதான் தெரியும், தோரணை தெரியாது. கை எட்டாதபோது உடம்பையே சாய்த்து, தோளை எக்கி, எப்படியாவது தொட்டுவிடுவார். திரை பாராட்டும், தப்பான அசைவு பழகிப்போகும். முதுகை நாற்காலியோடு சேர்த்து வைத்து ஆடச் சொல்லுங்கள். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்து, சிகிச்சைக்குப் போகும்போது காட்டுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கிவிடும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரையோ குளூக்கோஸோ இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், திடீரென்று பேச்சுக் குழறல் என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பாதத்தில் மரமரப்பு உள்ளவர் வெறுங்காலோடு மிதிக்கும் ஆட்டம் ஆட வேண்டாம். ஆடிய பிறகு பாதத்தைப் பாருங்கள், சின்னக் காயம்கூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தரை டைல்ஸ் என்றால் சாக்ஸ் மட்டும் போட்டு நிற்கவே கூடாது. பக்கத்தில் கனமான மர நாற்காலி ஒன்று, பின்னால் சுவர். வழுக்கி நகரும் பிளாஸ்டிக் நாற்காலி பிடிமானம் ஆகாது. கண்ணை மூடிக்கொள்ளும் மெய்நிகர் ஹெட்செட் இவருக்கு வேண்டவே வேண்டாம். பையனுக்கும் அது ஆபத்துதான்: நம் வீடுகளில் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது என்பதை மறந்துவிட்டுக் கையை வீசிவிடுவான்.

நீங்கள் உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தியாவில் 2022இல் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 42 சதவீதத்தினருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை என்று ஒரு மதிப்பீடு உண்டு. வீட்டில் பெண்கள் உழைக்காமலா இருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு, தனக்காக, வாரத்தில் 150 நிமிடம் என்று பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது. பையனோடு அந்த நடனத்தை நீங்களும் ஆடலாமே. ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

வாங்குவதற்கு முன் ஆறு வாரம் செலவில்லாமல் நடத்திப் பாருங்கள். போகிமான் கணக்கில் ஆர்வம் வடிந்தது ஆறாவது வாரத்தில் என்பதால் அந்தக் கெடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் தாத்தாவும் பேரனும்: ஒரு நாள் கேரம், ஒரு நாள் தாயம், ஒரு நாள் டேப்லெட்டிலோ பழைய கைப்பேசியிலோ பலூன் உடைக்கும் இலவச ஆட்டம், ஸ்டாண்டில் நிறுத்தி, இடது கையால். இடது கை எத்தனை முறை நீண்டது என்பதைப் பையன் எண்ணி நாட்காட்டியில் எழுதட்டும். மதிப்பெண் போடும் பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் மிகவும் கண்டிப்பாக இருப்பார்கள். நாள்தோறும் அந்த எண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பது உங்கள் பங்கு.

ஆறு வாரத்துக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டோ நின்றபடியோ இருந்தால், அப்போது சாதனத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோ சாதனங்கள் இங்கே பெரும்பாலும் இறக்குமதி வழியாகத்தான் வருகின்றன. பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதைப் பில் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். இந்தத் தொழிலில் நிறுவனங்கள் சாதனத்தைக் கைவிடுவதும் சகஜம்: மருத்துவமனைகளே நம்பிப் பயன்படுத்திய கினெக்ட்டின் உற்பத்தி 2017இல் நின்றுபோனது. அடுத்தது இன்னும் முக்கியம். அந்த வளையத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து அழுத்த வேண்டும். அப்பாவின் இடது கை விரல்கள் ஒரு எவர்சில்வர் தம்ளரை நழுவாமல் பிடித்துத் தூக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வளையத்தால் அவருக்கு இப்போது ஒரு பயனும் இல்லை. வலது கைதான் எல்லா வேலையையும் செய்யும். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குப் பெரிய திரையுள்ள டேப்லெட்டும் உறுதியான ஸ்டாண்டும் வாங்கிவிட்டு, மீதியை அடுத்த சில மாத பிசியோதெரபிக்கு ஒதுக்கி வையுங்கள்.